வரிசையில் நின்ற புள்ளிகள்

நல்ல செய்தி வந்தால் முகம் சுருங்குகிற பெண் ஒருத்தியை மலையாளத்துப் பக்கம் கழக்கூட்டம் என்கிற ஊரில் வைத்துப் பழகினேன். கெட்ட செய்தி வந்தால் அவளும் நம் எல்லோரையும் போலத்தான். நல்லது வந்தால்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டும்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை பார்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் ஒரு சின்ன லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காகிதம் வந்தது. சர்க்கரை என்ற பேச்சே இல்லை, வாலிபன் ரத்தம் மாதிரி இருக்கிறது என்று அங்கே இருந்தவன் சொல்லியனுப்பியிருந்தான். மனுஷர் அந்தச் சந்தோஷத்தில் பால் பாயசத்தை இரண்டு தம்ளர் ஊற்றிக் குடித்தார். அவள் அந்தக் காகிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது உங்களுக்க ரத்தம்தானா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரன் ரத்தமா?"

"இருக்கும். அதைத்தான் கேக்கேன். ரொம்ப நல்லா வந்திருக்கு பாத்துக்கிடுங்க. ஒடைச்சுப் பாப்பம்."

ரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. மறுநாள் காலையில் அவளே ஊசி குத்தி எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "கிட்டிப்போச்சு! அண்ணாச்சி, கிட்டிப்போச்சு!" சர்க்கரை எக்கச்சக்கம். முதல் காகிதம் வேறு யாரோ ஒரு பையனுடையது. குழாய் மாறிப்போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று.

"எனக்கு நோய் வந்ததுக்கு இவ என்னத்துக்குக் கையைத் தட்டுதா?"

"நோய்க்கு இல்ல அண்ணாச்சி. தப்பு மாட்டினதுக்கு!"

அவள் சுபாவம் அதுதான். மற்றவர்கள் தப்பை மூடுவார்கள், அல்லது அடுத்தவன் தலையில் போடுவார்கள். அவள் தப்பைத் தேடிப் பிடித்து, பிடித்ததும் குதிப்பாள். சொந்தத் தப்பாக இருந்தால் இன்னும் உயரமாகக் குதிப்பாள்.

மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. நாற்பது வயசு. ஒற்றை ஆளாகத்தான் இருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினேழு வருஷம் ரத்தம் எடுத்தவள். பிறகு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை. ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, நம்பர் ஒட்டிக் கொடுத்தால் அவள் வேலை முடிந்தது. அந்த ரத்தம் சொல்லுகிற சேதியைப் படிப்பவர்கள் மேலே ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். "நான் எடுத்த ரத்தம் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியக் கூடாதா அக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தாள்.

ஹைவேக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நானும் வீட்டுக்காரரும் மெஸ் நடத்துகிறோம். தென்காசியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவருக்கு முதுகு போன பிறகு நான் கரண்டி பிடித்தேன். தேங்காய் வறுத்து அரைத்து நான் வைக்கிற தீயலுக்கு டெக்னோபார்க் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சொன்னால் பெருமை அடிப்பதாக நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து கூட்டித்தான் வரும். எண் மட்டும் எனக்கு ஓடி வரும்.

அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் கட்டில் உண்டு, மேசை இல்லை. வேலை இரண்டு மணிக்கு முடியும். சாப்பிட்டு, மூன்று மணிக்கு மெஸ் காலியானதும் கடைசி மேசையைத் துடைத்து லேப்டாப்பைத் திறப்பாள். ஆறு மணிவரை அவள் ராஜ்ஜியம். இரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் வந்தாள்.

அவள் படித்த கம்ப்யூட்டர் பாஷைக்கு ஒரே எழுத்துதான் பேர். ஆர். "பேரு வைக்கவே சோம்பல் பட்டவன் பாஷையை எப்படி உண்டாக்குனான்?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். முதல் ஆறு மாசம் அந்தத் திரையில் சிவப்பு எழுத்துதான் வந்துகொண்டிருந்தது. ஏதோ தப்பு என்றால் சிவப்பாய் வருமாம். நான் பயந்துவிட்டேன்.

"ஏட்டி, என்னமோ ஏசுதே உன்னை?"

"ஏசட்டும் அக்கா. ஏசினா எங்க தப்புன்னு தெரியும். ஒண்ணும் சொல்லாம விடையைக் குடுத்துச்சுன்னா அப்பதான் எனக்குப் பேடி." பயத்தை அவள் ஊரில் பேடி என்பார்கள்.

ஓர் அடைப்புக்குறி போடாமல் விட்டதற்கு மூன்று நாள் அலைந்தாள். மூன்றாம் நாள் அது கண்ணில் பட்டதும் எழுந்து மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவள் என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரிய நாளானது. புரியவைத்தது என் வீட்டுக்காரருக்காக அவள் சொன்ன கணக்கு.

"அண்ணாச்சி, நீங்க கெட்டின பெரிய பெரிய பிளாட்டுல எத்தனை பைப்பு இருக்கும்? அது மாதிரி நம்ம உடம்புல இருபதாயிரத்துச் சொச்சம் பைப்பு. ஜீன்னு பேரு. எல்லா மனுசருக்கும் அதே பைப்புதான். எது தொறந்திருக்கு, எதுல எவ்வளவு போவுதுங்கதுலதான் வித்தியாசம். ரத்தத்துல இருந்து அதை எண்ணிக் குடுக்க மெஷின் உண்டு. மூட்டு வீங்குத சூக்கேடு உள்ள பொம்பளையளுக்கு எந்தப் பைப்பு கூடுதலா தொறந்திருக்கு? அதைத்தான் நாங்க தேடுதோம்."

அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். "இருபதாயிரம் பைப்புல எங்கயாச்சும் நாலு ஒழுகத்தான் செய்யும். அதுக்குச் சூக்கேடு வேணுமா? முப்பது வருச சர்வீஸ்ல பாத்தவன் சொல்லுதேன்."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி! இதைத்தான் எனக்க புக்குல முப்பது பக்கம் எழுதி வச்சிருக்கான்! அவ்வளவு பைப்பைப் பாத்தா சும்மாவே சிலது வித்தியாசமாத் தெரியும். நெசமா ஒழுகுதது எது, சும்மா தெரியுதது எது, அதைப் பிரிக்கதுதான் படிப்பே!"

அதற்குப் பிறகு நாலு நாள் இவரைப் பிடிக்க முடியவில்லை. வெண்டைக்காய் நறுக்குகிற கத்தியைப் பேனா மாதிரி பிடித்தார்.

பிரிப்பது எப்படி என்பதை என் ரசத்தை வைத்துத்தான் அவள் கற்றாள். ஒரு நாள் நான் வாய் தவறிச் சொன்னேன், மலையாளத்துப் பிள்ளைகளைவிட நம் பக்கத்துப் பிள்ளைகள்தான் ரசம் இரண்டாம் தடவை கேட்பார்கள் என்று. வாய் மூடவில்லை, அவள் காகிதம் எடுத்துவிட்டாள்.

"எப்படிச் சொல்லுதீங்க?"

"கண்ணால பாக்கேன்லா!"

"சரி. ஒடைச்சுப் பாப்பம்."

நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஆறு பேர், மலையாளத்துப் பிள்ளைகள் ஆறு பேர். ஐந்து நாள் யார் எத்தனை தடவை கேட்டார்கள் என்று நான் பார்த்துச் சொல்ல அவள் எழுதினாள். நம் பிள்ளைகள் பதினொரு தடவை, அவர்கள் ஆறு தடவை. நான் சேலை முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அவள் பன்னிரண்டு சோடா மூடியை எடுத்தாள். ஒவ்வொருத்தியும் எத்தனை தடவை கேட்டாள் என்ற எண்ணை ஒவ்வொரு மூடிக்குள் எழுதி ஒரு சருவப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினாள். "கண்ணை மூடிட்டு ஆறு எடுங்க அக்கா. அந்த ஆறும் நம்ம பிள்ளையள்னு வச்சுக்கிடுவம்." எடுத்தேன். கூட்டினாள். மறுபடி குலுக்கினாள். இருபது தடவை எடுத்ததில் நாலு தடவை, நான் பெருமைப்பட்ட அதே வித்தியாசம் வந்தது, ஊர் பேர் எதுவும் இல்லாத மூடிகளிலிருந்து!

எனக்கு உச்சி வெந்துவிட்டது. "அப்போ நான் பொய் சொல்லுதேனா?"

"பொய் இல்ல அக்கா. அஞ்சு நாள் போதாது. கண்ணை மூடி எடுத்தாலே இது வருதுன்னா, கண்ணைத் தொறந்து பாத்தேன்னு எப்படிச் சொல்ல?"

நான் விடுவேனா? ஒரு மாசம் பார்த்தேன். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். ஒரு மாசக் கணக்கைக் கொடுத்தபோது மூடி குலுக்கிக் கை வலிக்கும் என்று அதைக் கம்ப்யூட்டரிலேயே குலுக்கச் சொல்லி அவளே எழுதினாள். புத்தகத்தைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல் அவள் எழுதிய முதல் புரோகிராம் அதுதான். ஆயிரம் தடவை குலுக்கியது. நான் சொன்ன வித்தியாசம் ஒரே ஒரு தடவைகூட வரவில்லை.

"தோத்துட்டேன் அக்கா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆட்டினாள். தோற்றவள் அவள், ஜெயித்தவள் நான். யார் முகத்தில் அதிகச் சந்தோஷம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய சோதனை வந்தது. அவளுடைய நிலையத்து மேடம் கெட்டிக்காரி, கறாரானவள். "நாற்பது பேர் ரத்தம். இருபது பேர் மூட்டு வீக்கம் உள்ளவர்கள், இருபது பேர் இல்லாதவர்கள். மெஷின் கொடுக்கிற எண்களை நீயே ஆராய்ந்து பெரியவர்கள் முன்னால் வைத்துப் பேசு. சரியாகச் செய்தால் மேலே கம்ப்யூட்டர் அறையில் ஓர் இடம் காலியாகிறது, அது உனக்கு" என்று சொல்லிவிட்டாள். பட்டம் படித்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிற இடம். ரத்தம் எடுக்கிறவளுக்கு அது கிடைப்பதாவது!

நோய் உள்ளவர்களின் ரத்தம் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தாயிற்று. நோய் இல்லாத, நாற்பது வயசு தாண்டிய பெண்களுக்கு எங்கே போவது? நான் இருக்கிறேனே! எங்கள் சந்திலும், ஹாஸ்டல்களிலும், பெரிய ஆபீஸ்களில் கூட்டிப் பெருக்குகிறவர்களிலும் இருபது பேரைத் திரட்டினேன். எல்லோருக்கும் அவள் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். ஒரு புதன்கிழமை காலை மெஸ்ஸில் வைத்து எடுத்தோம். முதல் ரத்தம் என்னுடையது. முதல் ஆளாக நான்தான் கையை நீட்டுவேன் என்று முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன்.

பிறகு முடிவு வந்தது. அந்த மாதிரி முடிவு அவள் மேடமே பார்த்ததில்லையாம். திரையில் நாற்பது புள்ளி. இந்தப் பக்கம் நோயாளிகள் இருபது பேர் சிவப்பாக, அந்தப் பக்கம் நாங்கள் இருபது பேர் நீலமாக, கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி. நடுவில் ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான பைப்பில் வித்தியாசம். மேடம் போனில் கூப்பிட்டுப் பாராட்டினாளாம். வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருகிற நாளும் குறித்தாயிற்று.

அவள் முகம் சுருங்கியே இருந்தது.

"ஏட்டி, இன்னுமா சந்தேகம்?"

"இவ்வளவு நல்லாவா அக்கா வரும்?"

எதை எதையோ மாற்றிப் பார்த்தாள். வயசுப்படி நிறம் கொடுத்தாள், எடைப்படி கொடுத்தாள். ஒன்றும் உடையவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நான்தான் கெடுத்தேன்.

"இதுல நான் எங்க இருக்கேன்? காட்டு பாப்போம்" என்றேன். முதல் ரத்தம் கொடுத்தவள், என் புள்ளியை நான் பார்க்க வேண்டாமா?

"பேரு கிடையாது அக்கா. நம்பர்தான். நீங்க ஒண்ணு." நீலப் புள்ளி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் நம்பரை வரவைத்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். அந்தக் கோடியில், நோயாளிகளுக்கு எட்டாத தூரத்தில், தனியாக நின்றது ஒன்று. எனக்குப் பூரித்துவிட்டது. "பாத்தீங்களா, எல்லாரையும் தாண்டி நிக்கேன்!" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெருமையில் மற்றவர்களையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். "எனக்குப் பக்கத்துல ரெண்டு. அடுத்தாப்ல மூணு. நாலு. இந்தா அஞ்சு. ஏழு, ஆறு, எட்டு..."

அவள் என் விரலைப் பிடித்தாள்.

"அக்கா. நோய் இல்லாதவங்க ஏன் ரேஷன் கடை கியூ மாதிரி வரிசையா நிக்கணும்?"

பத்தொன்பதும் இருபதும் நோயாளிகளுக்கு மிக அருகில் இருந்தன. ஒன்றாம் நம்பர் மிகத் தூரத்தில். அவளுக்கு அதற்குள் பிடிபட்டுவிட்டது. எனக்கு அவள்தான் சொன்னாள். எடுத்த ரத்தம் குழாயில் சும்மா இருந்தால் அதற்குள் இருக்கிற செல் எல்லாம் தவித்து, பைப்பைத் திறக்கும், அடைக்கும். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் கால் மணி நேரத்தில் லேபுக்குப் போய்விட்டது. எங்கள் ரத்தம் பெட்டிக்குள் காத்துக்கிடந்தது. முதலில் கொடுத்தவளுடையது அதிக நேரம், கடைசியில் கொடுத்தவளுடையது கொஞ்ச நேரம். மெஷின் கண்டுபிடித்தது மூட்டு வீக்கத்தை இல்லை, காத்திருந்த நேரத்தை.

"அன்னைக்கு எல்லாத்துக்கும் சேத்து ஒரே நேரம்தான் ஃபாரத்துல எழுதினேன் அக்கா. எனக்க தப்பு. ஒவ்வொருத்தரும் எப்ப குடுத்தாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் உண்டா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? முதல் புட்டுக் குழல் இறக்கும்போது நான் கொடுத்தேன். ஐந்தாவது ஆள், ஹாஸ்டல் வார்டன், உலையில் அரிசி போடும்போது வந்தாள். பெருக்குகிற பெண்கள் ஒவ்வொரு ஆபீஸாக முடித்துவிட்டு ஒருத்தி ஒருத்தியாக வந்தார்கள். கடைசி ஆள் வந்தபோது நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் பெட்டி போகவில்லை. என் மேசைக்கு அடியில் இருந்தது. ஏனென்றால், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த பெண்ணைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தவள் நான்.

எல்லாம் மனசில் இருந்தது. நான் பேசாமல் இருந்தால் நாளைக்கு அவளுக்கு ஏசி அறை. பேசினால் பழையபடி ஊசியும் குழாயும். இரண்டு வருஷ மத்தியானம் அந்த மேசையில் போயிருக்கிறது.

"பெட்டி சீக்கிரமாத்தானே போச்சு" என்றேன். "பத்து மணி இருக்கும்."

வீட்டுக்காரர் வெங்காயத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னட்டி சொல்லுத? பன்னெண்டரை. சோறு திங்காமப் போகக் கூடாதுன்னு நீதான் பிடிச்சு வச்ச."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

"அக்கா, நீங்க எனக்காகச் சொல்லுதீங்கன்னு தெரியும். ஆனா அந்த மூட்டு வீங்கினவங்களை நெனச்சுப் பாருங்க. எவ்வளவு நேரம் ரத்தம் காத்துக்கிடந்துச்சுன்னு பாத்துச் செஞ்ச மருந்தையா அவங்க தின்னணும்?"

நான் உட்கார்ந்தேன். புட்டு, உலை, கொதி, வடிப்பு, தாளிப்பு, அப்பளம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் அடுப்பில் எது எப்போது என்பது நிமிஷம் பிசகாது. அவள் இருபது பேருக்கும் நேரம் போட்டுத் திரையில் வரைந்தாள். தென்னை மரம் சாய்ந்த மாதிரி ஒரே கோடு.

"கிட்டிப்போச்சு!"

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் குதித்தாள். தன் வேலையைத் தானே கவிழ்த்துவிட்டு மேசையைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று இல்லை, மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில்தான் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, என்னமா ஒரு கோடு!" என்றாள்.

மறுநாள் அவளுக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருந்தார்களாம். எழுந்து நின்றதும், நீங்கள் பார்க்க வந்த படம் தப்பு, எப்படித் தப்பு என்று காட்டுகிறேன் என்று ஆரம்பித்திருக்கிறாள். அவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நேரம் எப்படிக் குறித்தாய் என்று ஒருத்தர் கேட்க, "மெஸ் அக்கா சமையலை வச்சு" என்றிருக்கிறாள். அந்த அறையில் இங்கிலீஷில் என் புட்டைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது!

சிரித்தார்களே தவிர இடம் கொடுக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பாமல் தள்ளிவைத்தார்கள். மேடம் அவளோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டு, "முதலில் இருந்து செய். இரண்டு கூட்டத்தையும்" என்று மட்டும் சொன்னாளாம்.

செய்தாள். இந்தத் தடவை யாரும் மெஸ்ஸுக்கு வரவில்லை, அவள்தான் ஒவ்வொருத்தி இருக்கிற இடத்துக்கும் போனாள். இரண்டு குழாய் எடுத்ததும் ஐஸில் வைத்து ஆட்டோவில் லேபுக்குப் பறந்தாள். திரும்ப வந்து அடுத்த இரண்டு. ஹைவேயில் பிளாக் என்றால் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடினாள். நோயாளிகளுக்கும் அதே ஓட்டம். பிறகு இரண்டு கூட்டத்தையும் கலந்து ஒரே நாளில் மெஷினில் ஏற்றினார்கள். முடிவு வர மாசம் இரண்டு ஆனது. அந்த இரண்டு மாசமும் எனக்குக் கறியில் உப்பு நிற்கவில்லை.

எண்கள் வந்த சனிக்கிழமை, மூன்று மணிக்கு என் மேசையில் வைத்துத்தான் திறந்தாள். நான் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம். படம் வந்தது. சிவப்பும் நீலமும் பழவங்காடிக் கோயில் முன்னால் கூடுகிற கூட்டம் மாதிரி கலந்துகிடந்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே இல்லையாட்டி?"

"பொறுங்க."

இருபதாயிரத்தையும் ஒவ்வொன்றாகச் சல்லடை போட்டாள். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் காட்டிய இடத்தில் இப்போது ஒன்பது வரி. ஒன்பதே ஒன்பது பைப்பு. வரிசை நம்பரைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள், எந்த ஆட்டோவில் போனது என்பதைக்கூடப் பார்த்தாள். நோயாளி யார், இல்லாதவர் யார் என்ற பட்டியலைக் கலைத்து ஆயிரம் தடவை குலுக்கினாள். அந்த ஒன்பதும் அசையவில்லை.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. போனை எடுத்தாள்.

"மேடம், ஒம்பது இருக்கு. என்னால ஒடைக்க முடியல. நீங்க வந்து ஒடைச்சுப் பாருங்க."

மேடம் வந்தாள். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவள் என் பெஞ்சில், புளிசேரிக் குழம்பு கறை பட்ட இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வாதாடினார்கள் பாருங்கள்! மேடம் மலையாளத்தில் ஒன்று கேட்பாள், இவள் தமிழும் மலையாளமுமாகப் பதில் சொல்லித் திரையில் காட்டுவாள். மேடம் தானே விசைப்பலகையை இழுத்துத் தட்டுவாள். நான் வைத்த சாயா இரண்டும் ஆறிப்போயிற்று. ஆறு மணிக்கு மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"பொட்டுன்னில்லல்லோ" என்றாள். உடையவில்லையே என்று அர்த்தம். பிறகு சாதாரணமாக, கறிக்கு உப்புப் போதும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "திங்களாழ்ச்ச முதல் மேலே அந்தக் கசேரயில் இரிக்கு." திங்கட்கிழமையிலிருந்து மேலே அந்த நாற்காலியில் உட்கார் என்கிறாள்.

நான் கையைக் கூப்பிவிட்டேன். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"மேடம், இது நம்ம ஊர் ஆளுகதானே. வேற ஊர்ல இருபது இருபது பேரு ரத்தம் எடுத்து, அங்கயும் இந்த ஒம்பதும் நிக்குதான்னு பாத்துட்டு..."

"ஏட்டி, உக்காருன்னா உக்காரேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் பூனை ஓடியது. வீட்டுக்காரர், "அந்த நாற்காலியையும் ஒடைச்சுப் பாக்கணும்பா போல" என்றார்.

மேடம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். "வேற ஊர் போகணும்னு எழுதித் தா. கசேரயில் இருந்துகொண்டு எழுது" என்றாள்.

பிறகு அவள் நிஜமாகவே வேறு ஊர்களுக்குப் போனாள். இப்போது எந்த ஊர் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. எப்போதாவது போன் வரும். அதில் பாதி நேரம் என்னிடம் ஏதாவது கேள்விதான் கேட்பாள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். மத்தியானம் இரண்டு மணியானது, மூன்றானது. அவளுக்கென்று எடுத்துவைத்த சோற்றில் ஆவி அடங்கிவிட்டது. "பிள்ளை சாப்பிட வரலையே, போன் போடட்டுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"போட்டீங்கன்னா பாத்துக்கிடுங்க" என்றேன். "அவ உக்காந்திருக்கா. உக்காந்திருக்கட்டும்."